தண்ணி ஓடுற பொட்டி

கைய மட்டும் வெக்காதீங்க. சுத்தி வந்து பாருங்க, குனிஞ்சு பாருங்க, போட்டோ எடுக்கறதுன்னாலும் எடுத்துக்கங்க. கை மட்டும் வேண்டாம். தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்கு முன்னாடி மூணு பேர் வந்துட்டுப் போனாங்க, அதுல ஒருத்தர் குழாயப் புடிச்சு ஆட்டிப் பாக்கறாரு. எதுக்குங்க ஆட்டறீங்கன்னா, டைட்டா இருக்குதான்னு பாத்தேங்கறாரு. ஆட்டினா இருக்கற டைட்டும் போயிருமல்ல.

விளம்பரம் பாத்துத்தான வந்தீங்க? யாரும் சொல்லி அனுப்பலியே? கோபிப் பக்கம் உங்களுக்கு ஒறம்பரை, சொந்தக்காரங்கன்னு யாராச்சும் இருக்காங்களா? இல்லீங்களா. சரி, சும்மா கேட்டேன். உக்காருங்க.

கம்ப்யூட்டருல கிராபிக்ஸ் கார்டு, மதர்போர்டு, ஹார்டு டிஸ்க்கு மூணும் செத்துப்போச்சு, அதை விளம்பரத்துலயே போட்டுட்டேன். மத்ததெல்லாம் நல்லா இருக்குது. குழாய் பூராம் நானே வளைச்சது. எதுக்கு விக்கறீங்கன்னு நீங்க இன்னும் கேக்கல. மத்த மூணு பேரும் வந்து நின்னதுமே அதத்தான் கேட்டாங்க. நீங்க கேக்காம இருக்கறதும் எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருக்குது. நானே சொல்லீர்றேன்.

எம்பேரு குழந்தைவேலு. இங்க கணபதியில ஒரு பம்ப் கம்பெனியில செக்கிங் பாக்கறேன். இருவத்திமூணு வருசமாச்சு. ஒரு பம்ப் வந்துச்சுன்னா உள்ள காத்தடச்சு, தண்ணித் தொட்டியில முக்கி வெச்சுப் பாப்போம். எங்கியாச்சும் ஒரு குமிழி மேல வந்தா ரிஜெக்ட். பம்ப்ப மாட்டிப் பூட்டினவன் வந்து நின்னுட்டு, 'அண்ணா, அது வெளிய ஒட்டியிருந்த காத்துங்க'ம்பான். நான் நம்பமாட்டேன். சந்தேகப்படறதுக்குத்தான் எனக்குச் சம்பளமே. நம்பறவனைக் கொண்டுபோய் அந்த வேலையில உக்கார வெக்கமாட்டாங்க.

என்ற சம்சாரம் கோகிலவாணி. வீட்டுல இருந்துட்டே கல்யாண வீடியோ எடிட்டிங் பண்றா. ஸ்டுடியோக்காரங்க எடுத்துக் கொண்டாந்து குடுப்பாங்க, இவ வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, தாலி கட்டறதை மெதுவா ஓட விட்டு, ஒரு படமாட்ட ஆக்கிக் குடுப்பா. வேலை சுத்தம்னு பேரு. பொள்ளாச்சியில இருந்தெல்லாம் தேடி வருவாங்க. பழைய கம்ப்யூட்டரு ஒண்ணு வெச்சிருந்தா. சூடாயி சூடாயி நின்னுபோகும். ஃபேன் சத்தம் மாவு மில்லாட்டக் கேக்கும். 'ஏனுங்க, கடையில புதுசா ஒண்ணு எடுத்துக் குடுத்துருங்க'ன்னா. அவ்வளவுதான் கேட்டா. அதை நான் ஒத்துக்கறேன்.

நாந்தான் பாத்தேன். இருவத்திமூணு வருசம் தண்ணியோடயும் பம்ப்போடயும் பழகியிருக்கறோம், கடையில போயி எவனோ பூட்டினதை வாங்கறதான்னு தோணுச்சு. தண்ணியிலயே குளுர வெக்கற மாதிரி கம்ப்யூட்டரு இருக்குது. இந்தா, இது தண்ணி நிக்கற டேங்க். கீழ சின்ன பம்ப். அது தண்ணியத் தள்ளும். தண்ணி போயி சூடாகற எடத்தையெல்லாம் தொட்டுட்டு, சூட்ட வாங்கிக்கிட்டு, ரேடியேட்டருக்கு வந்து ஆறி, மறுக்கா டேங்குக்கு வந்துரும். கார் இன்ஜின் மாதிரியேதான்.

இதுல ரெண்டு வகை உண்டு. ரப்பராட்ட வளையற குழாய் ஒண்ணு. இந்த மாதிரி கெட்டிக் குழாய் ஒண்ணு. கடைக்காரப் பையன் சொன்னான், 'சார், மொதத் தடவை பண்றீங்க, வளையற குழாய் போட்டுக்கங்க. கெட்டிக் குழாய்னா சூடு காட்டி வளைக்கணும், அளவு ஒரு மில்லி தப்பினாலும் ஒழுகும்'னு. எனக்கு ஒடனே புரிஞ்சுபோச்சு. வளையற குழாய் அவங்கிட்ட நெறைய ஸ்டாக் இருக்குது. தள்ளி விடப் பாக்கறான். நான் கெட்டிக் குழாய்தான் வேணும்னுட்டேன்.

அதை வளைக்கறது லேசுப்பட்ட வேலையில்லீங்க. உள்ள ஒரு ரப்பர் கயிறு உட்டுக்கோணும், இல்லீன்னா வளைக்கறப்போ சப்பிப்போகும். ஹீட் கன் வெச்சுத் திருப்பித் திருப்பிச் சூடு காட்டோணும். நின்ன எடத்துலயே காட்டினா உள்ளாற கொப்புளம் வரும். பக்குவம் வந்ததும் ஒரே மூச்சுல வளைச்சு, ஆறற வரைக்கும் புடிச்சுட்டே நிக்கோணும். பதினோரு குழாய் வீணாப்போச்சு. குழாய் டூப்ளிகேட்டு. அப்பறம் மாத்தி வேற கடையில வாங்கினேன், அதுல வந்துருச்சு. கை பழகினதால வந்துச்சுன்னு கோகிலா சொன்னா. அவளுக்கென்ன தெரியும்.

பாருங்க, ஒவ்வொரு வளைவும் சரியாத் தொண்ணூறு டிகிரி. ஒவ்வொரு முனையும் அறுத்துட்டு, உப்புத்தாள் வெச்சு உரசி, வெரல் நகத்துல தடவிப் பாத்துத்தான் மாட்டினேன். அந்தக் கடைசிக் குட்டிக் குழாய், கார்டுக்குப் போறது, அது ஒண்ணு மட்டும் உரசல. ஆவணி முகூர்த்தம் நெருக்கிட்டு இருந்துச்சு. 'முடிஞ்சுதா, முடிஞ்சுதா'ன்னு கோகிலா வந்து வந்து நிக்கறா, பொள்ளாச்சிக் கல்யாணம் பாக்கியிருக்குது. உள்ள போற முனைதான, வெளிய தெரியவா போகுது. தள்ளி மாட்டிட்டேன்.

பூட்டி முடிச்சதும் மத்ததுக்குக் கரண்டு குடுக்காம, பம்ப்ப மட்டும் ஒரு நாள் பூராம் ஓட விட்டு, அடியில தாள் விரிச்சுப் பாக்கோணும்னு சொல்லுவாங்க. நான் நாலு மணி நேரம் பாத்தேன். அடுத்தவன் வேலையாயிருந்தா ஒரு நாள் பாக்கலாம். என்ற வேலைக்கு நாலு மணி நேரமே அதிகம்.

ரோஸ் கலர்ல தண்ணி ஊத்தினேன். உள்ள லைட்டு. பம்ப் ஓட ஆரம்பிச்சதும் அந்த ரோஸ் கலரு ஒவ்வொரு குழாயா ஏறி வந்துச்சு பாருங்க, எனக்கு ஒடம்பு சிலுத்துப்போச்சு. கம்பெனியில இருந்து எல்லாரையும் கூட்டியாந்து காட்டினேன். அக்கம்பக்கத்துல காட்டினேன். சத்தமே இல்ல. கோகிலா ரெண்டு கல்யாணத்தை நாலு நாள்ல முடிச்சா. அன்னைக்கு அவளே சொன்னா, 'நல்லா இருக்குதுங்க'ன்னு.

அப்பத்தான் எங்க மாமனார் வந்தாரு.

பொங்கியண்ணன்னு பேரு. கோபிக்குப் பக்கத்துல ஊரு. கரண்டு ஆபீசுல லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆனவரு. இடது கையில ரெண்டு வெரலு மடங்காது, கம்பத்து மேல ஆனது. அத்தை போயி ரெண்டு வருசமாச்சு. தனியாத்தான் இருக்கறாரு. கண்ணுல புரை வந்து, இங்க ஆஸ்பத்திரியில ஆபரேசன் பண்ணிட்டு, மூணு வாரம் எங்க வீட்டுல இருக்கறதுன்னு ஏற்பாடு. டாக்டர் கண்டிசனாச் சொல்லிட்டாரு. குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, தலைக்குத் தண்ணி ஊத்தக் கூடாது. கருப்புக் கண்ணாடி போட்டுட்டு, கோகிலா வேலை செய்யற ரூம்லயே சேரப் போட்டு உக்காந்துக்குவாரு.

வந்த மொத நாளே இதைப் பாத்தாரு. பாத்துட்டு, "இதுக்குள்ள ஓடறது தண்ணிங்களா மாப்ள?"ன்னாரு.

"ஆமாங்க மாமா."

"கரண்டும் இதுக்குள்ளதானுங்களா?"

"ஆமாங்க."

பொட்டியச் சுத்திப் பாத்தாரு. அப்பறம், "இதுக்கு ப்ளக்கு எதுங்க?"ன்னாரு. காட்டினேன். தலையாட்டிட்டுப் போயி உக்காந்துட்டாரு. அத்தன பேர் வந்து பாத்து அசந்து போனாங்க, இவரு கேட்டது ப்ளக்கு எதுன்னு. அப்பவே எனக்கு ஒரு பொறி தட்டுச்சு. இவருக்கு இது புடிக்கலன்னு.

அடுத்த வாரம் டேங்குல தண்ணி இறங்கியிருந்துச்சு. நூல் அளவு. மார்க்கர் பேனாவுல கோடு போட்டேன். மறுநாள் சாயங்காலம் வந்து பாத்தா கோட்டுக்குக் கீழ நிக்குது. அடுத்த கோடு. அதுக்கும் கீழ. கடைக்காரனுக்குப் போன் போட்டேன். 'சார், மொத ரெண்டு மூணு நாள் உள்ள இருக்கற காத்து வெளிய போறதுல தண்ணி இறங்கும், ஊத்திக்கங்க. அதுக்கு மேலயும் இறங்கினா எங்கியோ ஜாயின்ட் ஒழுகுது'ங்கறான். என்ற ஜாயின்ட்டு ஒழுகுதாம். இவங்கிட்ட வளையற குழாய் வாங்கலியல்ல, அந்தக் கடுப்பு.

நானே கண்டுபுடிக்கறேன்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சேன். எழுதினாத்தான உண்மை வெளிய வரும். வந்துச்சுங்க. திங்கக்கெழமையில இருந்து சனிக்கெழமை வரைக்கும் இறங்குது. ஞாயித்துக்கெழமை இறங்கறதில்ல. ஞாயித்துக்கெழமை என்ன விசேசம்? நான் வீட்டுல இருக்கறேன். நான் வீட்டுல இருந்தா இறங்கறதில்ல, நான் வேலைக்குப் போனா இறங்குது. இதுக்கு மேல என்ன வேணும். ஞாயித்துக்கெழமை கோகிலா கம்ப்யூட்டரப் போடமாட்டா, அதனால பம்ப்பும் ஓடாது, அது வேற விசயம்.

பகல்ல வீட்டுல இருக்கறது ரெண்டே பேரு. பொண்ணு ஹாஸ்டல்ல படிக்கறா. கோகிலா அவ பொழப்புல அவளே மண்ணப் போட்டுக்கமாட்டா. அப்பறம் யாருன்னு நீங்களே சொல்லுங்க.

அப்பறம் கண்ணுல ஒவ்வொண்ணாப் பட ஆரம்பிச்சுது. வீட்டுக்குப் பின்னாடி பொடக்காலியில காயப்போட்ட துணியில மாமனாரோட வெள்ளத் துண்டு ஒண்ணு. ஓரத்துல ரோஸ் கலர்ல கறை. நான் ரூமுக்குள்ள போனா அப்பனும் மகளும் பேச்ச நிறுத்திக்கறாங்க. ஒரு நாள் சாப்பிட்டுட்டு இருக்கறப்போ, "மாப்ள, அந்தப் பொட்டியக் கொஞ்சம் கழட்டி மறுக்கா ஒருதரம் பாத்துக்கறது நல்லதுங்க"ன்னாரு. எதுக்குங்கன்னேன். கோகிலா குழம்பு ஊத்திட்டு இருந்தா. அவ மூஞ்சியப் பாத்துட்டு, "இல்ல, சும்மாத்தான்"னுட்டாரு. சும்மா ஒருத்தரு சொல்லுவாங்களா.

காமிரா வாங்கியாந்தேன். கட்டைவெரல் பருமன்தான் இருக்கும். போன்லயே எங்க இருந்தும் பாக்கலாம். கோகிலாவோட சாம்பிள் ஆல்பமெல்லாம் அடுக்கியிருக்கற ஷெல்ப்ல, ரெண்டு ஆல்பத்துக்கு நடுவுல சொருகி வெச்சேன். அவகிட்டச் சொல்லல. சொன்னா அப்பங்கிட்டப் போயிரும்.

ரெண்டு நாள் ஒண்ணுமில்ல. அவ உக்காந்து வேலை செய்யறா, அவரு உக்காந்திருக்கறாரு. மூணாவது நாள் புதன்கெழமை. கம்பெனியில சாப்பாட்டு நேரம். போனத் தொறந்தேன். கோகிலா கம்ப்யூட்டர நிறுத்திட்டு, ஸ்டுடியோவுக்கு எதையோ குடுக்கறதுக்குக் கெளம்பிப் போனா. அவ போனதும் அவரு எந்திரிச்சாரு. கதவு வரைக்கும் போயி பாத்துட்டு வந்தாரு. மொதல்ல ப்ளக்கப் புடுங்கினாரு. அப்பறம் கருப்புக் கண்ணாடியக் கழட்டி டேபிள்ல வெச்சுட்டு, மண்டி போட்டாரு. தலையத் தரையோட தரையா வெச்சுட்டு அடியில பாக்கறாரு. குனியவே கூடாதுன்னு டாக்டர் சொன்ன மனுசன். துண்ட எடுத்துக் கைய உள்ள உட்டாரு. என்ன பண்றாருன்னு தெரியல, முதுகு மறைக்குது. எந்திரிக்க முடியாம டேபிளப் புடிச்சுட்டு எந்திரிச்சாரு. கொஞ்ச நேரம் கண்ணப் பொத்திட்டு நின்னாரு. ப்ளக்க மாட்டிட்டுப் போயி உக்காந்துட்டாரு. ஏழு நிமிசம்.

கண்ணு போனாலும் பரவாயில்லைன்னு ஒருத்தரு குனியறாருன்னா, மனசுல எவ்வளவு இருந்திருக்கோணும். அதத்தான் நான் யோசிச்சேன்.

அரை நாள் லீவு போட்டுட்டு வண்டிய எடுத்துட்டு வந்தேன். நான் வர்றப்போ கோகிலாவும் வந்துட்டா. ரெண்டு பேரும் இருக்கட்டும்னு நேரா அவரு முன்னாடி போயி போன நீட்டினேன்.

"மாமா, இது என்னங்க?"

அவரு கண்ணாடியத் தூக்கிட்டுப் பாத்தாரு. "எனக்குச் சரியாத் தெரியலீங்களே மாப்ள. என்ன படமுங்க?"

"நீங்கதான். இன்னைக்கு மத்தியானம்."

கண்ணாடிய எறக்கி உட்டுட்டு, "ஆமாங்க"ன்னாரு. "அடியில சொட்டுதுங்க. ஒரு வாரமாத் தொடைச்சு உட்டுட்டு இருக்கறேன்."

"எங்க சொட்டுது? காட்டுங்க."

"இப்பத்தான தொடைச்சேன்."

நான் குனிஞ்சு பாத்தேன். காஞ்சு கெடக்குது. ஒரு சொட்டில்ல. "அப்பறம் ஏன் எங்கிட்டச் சொல்லலீங்க?"ன்னேன்.

"நீங்க வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டிச் சந்தோசமா இருந்தீங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அன்னைக்குச் சோத்துல உக்காந்தப்போ சொல்லலாம்னு பாத்தேன். கோகிலா அம்மிணி முன்னாடி சொன்னா உங்களுக்குச் சங்கடமாப் போயிரும்னு உட்டுட்டேன். ப்ளக்கப் புடுங்கிட்டுத்தான் கைய வெப்பேன் மாப்ள. அதுல தப்புப் பண்ணமாட்டேன்."

பதிலு எவ்வளவு தயாரா இருந்துச்சு பாருங்க. தப்பே பண்ணாதவன் இப்படிக் கோர்வையாச் சொல்லுவானா. எங்க கம்பெனியில பம்ப் பூட்டறவனுக இப்படித்தான் சொல்லுவாங்க. நான் சொல்லிப்போட்டேன், "தண்ணியத் தொறந்து உட்டுட்டு இப்பத் தொடைக்கறதாச் சொல்றீங்களா"ன்னு. இன்னும் ரெண்டு வார்த்தையும் சொன்னேன். அதை இப்பச் சொல்ல வேண்டாம்.

அவரு எம்மூஞ்சியவே பாத்துட்டு இருந்தாரு. கோகிலா என்னப் பாக்கல. ஷெல்ப்பப் பாத்துட்டு இருந்தா. நேரா போயி ரெண்டு ஆல்பத்த நகத்தினா. காமிராவ எடுத்தா.

"எத்தன நாளா இது இங்க இருக்குது?"ன்னா.

"மூணு நாளு."

"நான் காத்தால இருந்து பொழுதுக்கும் உக்காந்திருக்கற ரூமு இது. சேலைய மாத்தறதும் இங்கதான்."

"உன்னப் பாக்கறதுக்கு வெக்கல."

"பாத்தீங்களா, இல்லீங்களா?"

போனத் தொறந்தா அவளும்தான் தெரிவா. காமிராவ டேபிள்ல வெச்சுட்டு, அவ அப்பனோட துணிய எடுத்து மடிக்க ஆரம்பிச்சுட்டா. அன்னைக்கே கோபி பஸ்ஸுக்குக் கெளம்பிட்டாங்க. அவரு வாசப்படியில நின்னு, "வர்றேனுங்க மாப்ள"ன்னாரு. கோவமாச் சொல்லியிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்.

ரெண்டு நாள் கழிச்சு கோகிலா மட்டும் வந்தா. முகூர்த்த வேலை கெடக்குதல்ல. வந்து பேசாம உக்காந்து வேலை செஞ்சா. அவரு போனதுக்கப்பறம் தண்ணி இறங்காதுன்னு இருந்தேன். இறங்குச்சு. என்னன்னு பாக்கறதுக்குள்ள அஞ்சாவது நாளு படக்னு ஒரு சத்தம். கருகின வாசம். திரையெல்லாம் கருப்பு. கார்டு போச்சு, போர்டு போச்சு, அதுலயே சொருகியிருந்த ஹார்டு டிஸ்க்கும் போச்சு. ரெண்டு கல்யாணத்தோட வேலை உள்ள இருந்துச்சு. ஸ்டுடியோக்காரங்ககிட்ட மூலம் இருந்ததால தப்பிச்சுது, ஆனா அத்தனையும் மொதல்ல இருந்து வெட்டோணும். கல்யாண வீட்டுக்காரங்க வந்து சத்தம் போட்டுட்டுப் போனாங்க. இவ தலையக் குனிஞ்சுட்டு நின்னா. அதை நான் பாத்தேன்.

மனசுல என்ன ஓடுச்சுன்னு ஒளிக்காமச் சொல்றேன். போறதுக்கு முன்னாடி கெழவரு என்னமோ பண்ணி வெச்சுட்டுப் போயிட்டாருன்னுதான் ஓடுச்சு. எல்லாத்தையும் கழட்டினேன். அந்தக் கடைசிக் குட்டிக் குழாயிருக்குதல்ல, அதோட ஜாயின்ட்டுல ரப்பர் வளையம் ஒண்ணு இருக்கும், அதுதான் தண்ணியப் புடிக்கறது. அதுல ஒரு கீறல். பிளேடு வெச்சுக் கீறினாப்பல. ஆதாரம் கெடச்சுருச்சுன்னு எடுத்துட்டுக் கம்பெனிக்குப் போனேன். அங்க ஸ்டான்லின்னு ஒருத்தர், எனக்கு அடுத்த எடத்துல இருக்கறவரு. லென்ஸ் வெச்சுப் பாத்தாரு. வளையத்தப் பாத்தாரு, குழாய் முனையப் பாத்தாரு. முனையில வெரல வெச்சு எடுத்தாரு, லேசா ரத்தம்.

"அண்ணா, முனைய உரசாமத் தள்ளியிருக்கறீங்க. உள்ள போறப்பவே வளையத்தக் கீறிருச்சு. தெனமும் கொஞ்சங்கொஞ்சமா ஒழுகியிருக்கும்"னாரு. "நம்ம லைன்ல யாராச்சும் இதைப் பண்ணியிருந்தா உட்டுருவீங்களா?"

ஸ்டான்லிக்கு என்ற சீட்டு மேல ஒரு கண்ணுன்னு எனக்குத் தெரியும். அதனால அவரு பேச்ச அப்படியே எடுத்துக்கல. டாய்லெட்டுக்குள்ள போயி கதவச் சாத்திட்டு, அந்த முனைய நானே நகத்துல தடவிப் பாத்தேன். அப்பறம் கொஞ்ச நேரம் வெளிய வரல.

அந்த வாரமே கோபியில இருந்து போன். மாமனாருக்குக் கண்ணு செவந்துபோயி வலி தாங்கல. கோகிலா ஓடினா. இங்கயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாந்து மறுக்கா ஆபரேசன் பண்ணினாங்க. உள்ள வெச்ச லென்ஸ் நகந்துருச்சாம், புண்ணும் ஆயிருச்சாம். 'குனிஞ்சாருங்களா'ன்னு டாக்டர் கேட்டிருக்கறாரு. குனிஞ்சதாலதான்னு உறுதியாச் சொல்ல முடியாதுன்னும் அதே டாக்டர்தான் சொன்னாரு. நீங்க அதையும் கேட்டுக்கோணும். இப்ப அந்தக் கண்ணுல ஆளு தெரியும், மூஞ்சி மங்கலாத் தெரியும். பேப்பர் படிக்க வராது.

கோகிலா கோபியிலயே இருக்கறா. அப்பாவப் பாத்துக்கோணும்னு சொல்லிட்டுப் போனா. கடையில ஒரு கம்ப்யூட்டர் எடுத்து, அங்கயே வெச்சு வேலை செய்யறா. சாதாரணப் பொட்டி. ஃபேன் சத்தம் வாசல் வரைக்கும் கேக்குது. போன் பண்ணினா எடுக்கறா, கேட்டதுக்குப் பதில் சொல்றா. சாப்பிட்டீங்களான்னு கேக்கறா. அதுக்கு மேல ஒண்ணுமில்ல.

ஒரு ஞாயித்துக்கெழமை கெளம்பிப் போனேன். பஸ்ஸுல உக்காந்துட்டு, என்ன சொல்றது, எப்படி ஆரம்பிக்கறதுன்னு சொல்லிச் சொல்லிப் பாத்துட்டே போனேன். அவங்க சொந்தபந்தம் நாலு பேர் உக்காந்திருப்பாங்க, நிக்க வெச்சுக் கேப்பாங்கன்னு நெனச்சேன். யாருமே இல்ல. அவரு மட்டும் கட்டில்ல உக்காந்திருந்தாரு. காலடிச் சத்தத்துலயே தெரிஞ்சுட்டு, "வாங்க மாப்ள"ன்னாரு. "அம்மிணி கடைக்குப் போயிருக்குது. வெயில்ல வந்திருக்கறீங்க, மோர் குடிங்க."

அவரே செவுத்தப் புடிச்சுட்டுப் போயி மோர் கொண்டாந்து குடுத்தாரு. நான் குடிச்சேன். இப்பக் கேப்பாரு, இப்பக் கேப்பாருன்னு இருந்தேன். கேக்கல. "பொட்டி நல்லா ஓடுதுங்களா?"ன்னாரு.

அவருக்கு யாரும் சொல்லலீங்க. கோகிலா சொல்லல. கார்டு போனது, வளையம் கீறினது, ஒண்ணும் சொல்லல. இல்ல, தெரிஞ்சுட்டே கேக்கறாரா. ஒரு நிமிசம் அவரு மூஞ்சியவே பாத்தேன். கண்டுபுடிக்க முடியல. இருவத்திமூணு வருசம் ஆளுங்க மூஞ்சியப் பாத்துப் பொய்யப் புடிச்சவன் நான். அந்த மூஞ்சியில ஒண்ணும் கெடைக்கல.

"ஓடுதுங்க மாமா"ன்னேன்.

"அதுதான் வேணும்"னாரு.

அப்பறம் செவுத்துக் கடிகாரத்தப் பாத்தாரு, தெரியல, எங்கிட்ட மணி கேட்டாரு. பன்னெண்டுன்னேன். "கண்ணுக்கு மருந்து விடற நேரமுங்க. அம்மிணி வர நேரமாகும்னு நெனைக்கறேன். நீங்க உட்டு விடறீங்களா"ன்னு தலகாணிக்கு அடியில இருந்து ஒரு சின்ன பாட்டில எடுத்து நீட்டினாரு. அங்க மேசையில அதே மாதிரி இன்னும் நாலு பாட்டிலு இருந்துச்சு, காதுக்கு, தேளு கடிக்கு, என்னென்னமோ. வாங்கினேன். பேரப் படிச்சேன். மறுக்காப் படிச்சேன். அவரு கருப்புக் கண்ணாடியக் கழட்டிட்டு, அண்ணாந்து, அந்த மடங்காத வெரலால கீழ் இமையப் புடிச்சு இழுத்துட்டு, அசையாம இருந்தாரு.

எனக்கு என்ன தோணுச்சுன்னா, நான் எந்தப் பாட்டிலத் தொறக்கறேன்னு இவருக்கு எப்படித் தெரியும்? ஒரு வார்த்தை கேக்கல. பேரப் படிங்க மாப்ளன்னு சொல்லல. அந்த எடத்துல நான் இருந்திருந்தா மூணு தடவை கேட்டிருப்பேன். என்ற பொண்ணே மருந்து விட வந்தாலும் கேட்டிருப்பேன்.

மொதச் சொட்டு புருவத்துல விழுந்துருச்சு. "பரவாயில்ல, மெதுவா உடுங்க"ன்னாரு. கண்ண மூடவே இல்ல.

கோகிலா வந்தா, சோறு போட்டா, சாப்பிட்டேன். பஸ் ஏத்தி உட கூட வந்தா. "அப்பாகிட்டப் பேசுனீங்களா?"ன்னா. மருந்து உட்டேன்னேன். அவ பஸ் வருதுன்னு கையக் காட்டினா.

ஏழு ஞாயித்துக்கெழமை ஆச்சுங்க. வாராவாரம் போறேன். பன்னெண்டு மணி மருந்து நாந்தான் விடறேன். கோகிலா எடுத்துட்டு வந்தாக்கூட, 'இரு அம்மிணி, மாப்ள வந்துருவாரு'ங்கறாராம். ஒவ்வொரு தடவையும் இன்னைக்குச் சொல்லிரோணும்னுதான் பஸ் ஏறறேன். அவரு அண்ணாந்து இமையப் புடிச்சாருன்னா வாயத் தொறக்க முடியறதில்ல. சாப்பிட்டுட்டு வந்தர்றேன். உங்ககிட்ட மளமளன்னு வந்துருச்சு. யாரு எவருன்னே தெரியாது.

சரி, நல்லாப் பாத்துக்கங்க. அந்தக் கடைசி ஜாயின்ட்டுல வளையம் மாத்தி, குழாயும் புதுசா அறுத்துப் போட்டிருக்கறேன். முனைய உரசித்தான் போட்டேன். வேணும்னா கழட்டிக் காட்டறேன். கை வெச்சுப் பாக்கறதுன்னாலும் பாத்துக்கங்க, பரவாயில்ல. வேணும் வேண்டாங்கறத மட்டும் கொஞ்சம் சீக்கிரம் சொல்லிருங்க. இன்னைக்கு ஞாயித்துக்கெழமை. ஒம்பதே கால் பஸ்ஸ உட்டா பன்னெண்டு மணிக்குள்ள போய்ச் சேர முடியாது.